பெயர் வெட்டிய பாத்திரங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

என் தந்தையார் வாடகைப் பாத்திரக் கடை ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறார். அண்டா, குண்டான், தவலை, சாதம் வடிக்கும் தட்டு, கரண்டி என்று அந்தக் கடையில் இருக்கும் ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் உளியால் வெட்டப்பட்டிருக்கும். முகூர்த்த நாட்களில் ஒரே இரவில் நான்கு வீட்டுப் பாத்திரங்கள் திரும்பி வரும். அந்த வெட்டெழுத்து இல்லாவிட்டால் எது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று விடியும் வரை தேடினாலும் தெரியாது. அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “கம்ப்யூட்டர்ல அப்படி என்னதாம்ப்பா சொல்லிக் குடுக்கறாங்க?” என்று அவர் ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சென்ற தீபாவளி விடுமுறையில்தான் அவருக்குப் புரியும்படி ஒன்றைச் சொல்ல முடிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் என் கருத்தும் உண்டு. வகுப்பில் பெரும்பாலோர் ஒப்பாத கருத்து அது.

என்னிடம் இருப்பது பக்கத்து வீட்டு அண்ணன் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. அதில் டெபியன் லினக்ஸ் 12-ஐ நிறுவிக்கொண்டேன். சீனியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் திட்டப்பணிக்காக எழுதிய வருகைப்பதிவு நிரலை எனக்குக் கொடுத்தார். மூல நிரல் இல்லை. தொகுத்து முடித்த கோப்பு மட்டும்தான். ஓட்டிப் பார்த்தேன். “லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை” என்று சொல்லி நின்றுவிட்டது. என் கணினியில் இருந்ததோ லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து, 3-க்கு 1.1 என்று ஒரு பொய்ப்பெயர் சூட்டி, குறியிணைப்பு ஒன்று போட்டுவிட்டேன். மறுபடி ஓட்டினேன். இம்முறை கோப்பு திறந்தது. ஆனால் “ஓப்பன்எஸ்எஸ்எல் 1_1_0 என்ற பதிப்புக்குறி இதில் இல்லை” என்று சொல்லி மறுத்தது. வேறு கடை அண்டாவின் மேல் எங்கள் கடைப் பெயரைச் சாக்பீசால் எழுதிக் கொண்டுபோய் நிறுத்தினால் என் தந்தையார் என்ன செய்வாரோ, கணினியும் அதையே செய்தது. உள்ளே வெட்டியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஷேர்டு லைப்ரரி எனப்படும் பொது நூலகக் கோப்பு என்றால் என்ன என்று மற்றத் துறை நண்பர்கள் கேட்கலாம். மறையாக்கம் செய்வது, கோப்பைச் சுருக்குவது, படம் விரிப்பது போன்ற வேலைகள் நூறு நிரல்களுக்கும் வேண்டியவை. நூறு நிரல்களும் அதைத் தம் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒரே ஒரு பிரதியைப் பொது இடத்தில் வைத்து, வேண்டியபோது எல்லோரும் எடுத்தாளலாம். இரண்டாவது வழியில் வட்டில் ஓர் இடம் போதும். நினைவகத்திலும் அந்த நிரற்பகுதி ஒரு முறை ஏறினால் போதும். ஓடுகின்ற நிரல்கள் அனைத்தும் அதையே பகிர்ந்துகொள்ளும். ஊரில் வீட்டுக்கு வீடு 100 படி அண்டா வாங்கி வைப்பதில்லை அல்லவா?

லினக்ஸின் தொடக்க காலத்தில் இந்தப் பகிர்வு சிரமமாகவே இருந்தது. ‘ஏ.அவுட்’ என்ற பழைய கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு நூலகத்துக்கும் நினைவகத்தில் நிலையான முகவரி ஒன்றை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். இரண்டு நூலகங்கள் ஒரே மனையில் வீடு கட்டாமல் யாராவது பட்டா எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ‘எல்ஃப்’ என்ற வடிவம் வந்தபின்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் வழங்கல், 1996-இல் வெளிவந்த தன் 1.1 பதிப்பில் எல்ஃபுக்கு மாறியது.

நிற்க. பொதுவில் வைத்தால் மட்டும் போதாது. பொதுவில் வைத்த பொருளை ஒருவர் மாற்றினால் மற்றவர் கதி என்ன? இதற்கு விடையாகத்தான் வழங்கல்களின் பொதிவிதிகள் பிறந்தன. ஒவ்வொரு பொது நூலகக் கோப்பினுள்ளும் ‘சோநேம்’ என்ற பெயர் எழுதப்பட்டிருக்கும். அதில் ஓர் எண் உண்டு. பழைய நிரல்கள் நம்பியிருக்கும் வாயிலை நூலக ஆசிரியர் உடைக்காதவரை அந்த எண் மாறக்கூடாது. உடைத்தால் மாற்றியே ஆகவேண்டும். டெபியனின் கொள்கைக் கையேடு இன்னும் ஒரு படி மேலே போய், அந்த எண்ணைப் பொதியின் பெயரிலேயே சேர்க்கச் சொல்கிறது. அதனால்தான் டெபியன் 11-இல் ‘லிப்எஸ்எஸ்எல்1.1’ என்ற பொதியும் டெபியன் 12-இல் ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்ற பொதியும் வெவ்வேறு பெயரில் நிற்கின்றன. (நான் குழப்பிய லிப்கிரிப்டோவும் இந்தப் பொதிக்குள்தான் வருகிறது.) பெயர் வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே கணினியில் சண்டையின்றி வாழலாம், பழைய நிரல் பழையதையும் புதிய நிரல் புதியதையும் எடுத்துக்கொள்ளும்.

எண் இல்லாத வெறும் ‘.எஸ்ஓ’ என்ற பெயர் மட்டும் ‘-டெவ்’ என்ற தனிப் பொதிக்குள் போகிறது. நிரல் எழுதுவோருக்குத்தான் அது தேவை. எல்லோர் கணினியிலும் அதை வைத்தால், பழைய பொதியும் புதிய பொதியும் ஒரே பெயருக்காக அடித்துக்கொள்ளும். ஃபெடோரா வழங்கலிலும் இதே விதிதான். அங்கே ‘-டெவல்’ என்பார்கள். முதலாண்டில் இந்தப் பிரிவினையைப் பார்த்து, “ஒரு கோப்புக்கு இரண்டு பொதியா? வேலையற்றவர்கள்!” என்று நான் ஏளனம் செய்ததுண்டு.

சிலர் இந்த எண்ணை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று. லினக்ஸில் ஏறத்தாழ எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சி நூலகத்தின் பெயர் ‘லிப்சி.எஸ்ஓ.6’. டெபியன் 1998-இல் வெளியிட்ட 2.0 பதிப்பில் அந்த 6 வந்தது. இன்றைக்கும் அது 6-தான். உள்ளே எத்தனையோ மாறியிருக்கிறது. மாறிய செயற்கூறுகளுக்கெல்லாம் உள்ளேயே தனித்தனிப் பதிப்புக்குறி வைத்து, பழையவற்றையும் காப்பாற்றி வருகிறார்கள். மாறாக, சொல்லைக் காப்பாற்ற முடியாதபோது வெளிப்படையாகப் பெயரையே மாற்றுவதும் உண்டு. 32 இலக்கக் கணினிகளின் நேரக் கணக்கு 2038 சனவரி 19-உடன் நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய நேரத்தின் அளவை 64 இலக்கமாக்கியபோது பல நூலகங்களின் வாயில் மாறிப்போயிற்று. ஆகவே 2024-இல் டெபியன் அந்தப் பொதிகளின் பெயருக்குப் பின்னால் ‘டி64’ என்று ஒட்டுப் போட்டது. லிப்எஸ்எஸ்எல்3, ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ ஆனது. பார்க்க அழகாக இல்லை. ஆனால் அழகுக்காகப் பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

இனி என் வகுப்புத் தோழர்களின் கட்சிக்கு வருகிறேன். “இவ்வளவு விதி எதற்கு? ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக்கொண்டு வரட்டும். ஸ்நாப் இருக்கிறது, ஃபிளாட்பேக் இருக்கிறது, ஆப்இமேஜ் இருக்கிறது. இறக்கினோம், ஓட்டினோம் என்று போகலாமே!” என்கிறார்கள். இதைச் சொல்லுகிற நண்பர் வீட்டில் கம்பிவழி இணையம் உண்டு. எனக்கு என் தந்தையாரின் கைப்பேசியில் நாளொன்றுக்குக் கிடைக்கும் 1.5 ஜி.பி.தான். சிறிய நிரல் ஒன்றை ஃபிளாட்பேக்கில் கேட்டால், முதல்முறை அதற்கான அடித்தளமே சில நூறு எம்.பி. இறங்குகிறது. அந்த அடித்தளத்தையும் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் என்பது உண்மைதான். பகிர்வை எதிர்த்துப் புறப்பட்டவர்களும் கடைசியில் பகிர்வுக்கே வந்து சேர்ந்தார்கள் என்று இதைக் கொள்ளலாம்.

செலவு மட்டும் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஏழைக்கு ஒரு வழி, வசதியுள்ளவருக்கு ஒரு வழி என்று போய்விடலாம். ஆனால் பழுது என்று ஒன்று இருக்கிறதே! ‘இசட்லிப்’ என்பது கோப்பைச் சுருக்கும் நூலகம். 2002 மார்ச்சில் அதில் ஒரு பிழை வெளிப்பட்டது. விடுவித்த நினைவகத்தையே மறுபடி விடுவிக்கும் பிழை. 1.1.4 பதிப்பில் திருத்தம் வந்தது. பொதுப் பிரதியைப் பயன்படுத்திய நிரல்களுக்கு அந்த ஒரு பொதியை மாற்றியதே போதுமானதாக இருந்தது. ஆனால் அதைத் தம் வயிற்றுக்குள் வைத்திருந்த நிரல்கள் எத்தனை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆர்சிங்க் உள்ளேயும் ஒரு பிரதி இருந்தது. லினக்ஸ் கருவுக்குள்ளேயும் ஒரு பிரதி இருந்தது. ஒவ்வொன்றையும் தேடித் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. இப்படி உள்ளடக்கப்பட்ட பிரதிகளுக்கென்றே டெபியனின் பாதுகாப்புக் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளியானபோது நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இணையத்தின் பூட்டே திறந்துகிடந்தது போன்ற ஆபத்து அது. ஆயினும் டெபியன் சேவையகம் ஒன்றை வைத்திருந்தவர் செய்யவேண்டியிருந்தது, ஒரு நூலகப் பொதியைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை நிறுத்தி மறுபடி தொடங்குவது. அதன்பின் சாவிகளை மாற்றுவது. 2021 டிசம்பரில் ஜாவா உலகின் ‘லாக்4ஜே’ நூலகத்தில் பழுது வந்தபோது நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் கட்டுக்குள், சில சமயம் கட்டுக்குள் இருக்கும் கட்டுக்குள், வைத்திருந்தது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இதற்கு என் நண்பர் ஒரு நல்ல எதிர்வாதம் வைத்தார். அதை மறைப்பது நேர்மையாகாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். எஸ்எஸ்ஹெச் வழி நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகத் தாமதமாவதைக் கவனித்து, அதைத் துருவிக்கொண்டே போய், ‘எக்ஸ்இசட்’ சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் புறவாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். வேடிக்கை என்னவென்றால், எஸ்எஸ்ஹெச் சேவைக்கும் அந்த நூலகத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. தான் தயாராகிவிட்டதைச் சிஸ்டம்டிக்கு அறிவிப்பதற்காக டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் எஸ்எஸ்ஹெச்சைத் திருத்தி லிப்சிஸ்டம்டியுடன் இணைத்திருந்தன. லிப்சிஸ்டம்டியோ தன் பதிவேடுகளைச் சுருக்குவதற்காக எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. விருந்துக்கு அழைத்தவரோடு வந்தவர் கூட்டிவந்தவர் திருடன்! “பார்த்தாயா, பொதுக் கிணற்றில் ஒருவன் விஷம் போட்டால் ஊரே போகும்” என்றார் நண்பர்.

உண்மை. பகிர்ந்தால் நோயும் பகிரப்படும். ஆனால் டெபியனில் கெட்ட பதிப்பு அதுவரை சோதனைக் கிளைகளைத்தான் எட்டியிருந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்குள் நுழையவில்லை. கிணறு ஒன்றே என்பதால் மூடுவதும் எளிதாயிற்று. செய்தி வந்த உடனேயே வழங்கல்கள் அதைத் திரும்பப் பெற்றன. வீட்டுக்கு வீடு குடத்தில் ஊற்றி வைத்திருந்தால் எந்தக் குடத்தில் எந்த நாள் தண்ணீர் என்று யார் சொல்லுவது?

ஆகவே பொது நூலக விதிகளில் எனக்குக் குறையில்லை. என் குறையெல்லாம் பிளக்-இன் எனப்படும் செருகுநிரல் விஷயத்தில்தான்.

செருகுநிரலும் உருவத்தில் ‘.எஸ்ஓ’ கோப்புதான். ஆனால் பிறவியில் வேறு. நூலகம் ஊருக்குப் பொது. செருகுநிரல் ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் உரியது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, தேவைப்பட்டால் தானே போய் அதை எடுத்துச் செருகிக்கொள்ளும். எனவே டெபியன் கையேடு, பிற பொதிகள் வந்து இணையாத இத்தகைய கோப்புகளை யூஎஸ்ஆர்/லிப் அடைவின் முற்றத்தில் போடாமல் அதற்குள் ஓர் உள்ளறையில் வைக்கச் சொல்கிறது. பெயரில் எண் வேண்டியதில்லை. பொது நூலக விதிகளில் பெரும்பாலானவை இதற்குப் பொருந்தா. ஃபெடோராவிலும், எண் இல்லாத ‘.எஸ்ஓ’ கோப்பு ‘-டெவல்’ பொதிக்குள் போகவேண்டும் என்ற விதி இதற்கு இல்லை. இவ்வளவும் நியாயமே. ஆனால் விலக்கு கொடுத்த இடத்தில் காவலும் போய்விடுகிறது.

நூலகம் ஒன்று தேவை என்றால் அது நிரல் கோப்பினுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பொதி கட்டும் கருவி அதைப் படித்து, “இதற்கு இது தேவை” என்று தானாகவே பட்டியல் போட்டுவிடும். செருகுநிரலோ எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. ஓடும்போது கேட்டால்தான் உண்டு. பொதியாளர் நினைவு வைத்துக் கையால் எழுதினால் எழுதியதுதான். ஒரு காணொலியை ஓட்டுகிறோம். படம் வருகிறது, ஒலி வரவில்லை. பிழைச்செய்தியும் இல்லாமல் போகலாம். ஜிஸ்ட்ரீமரின் ஏதோ ஒரு செருகுநிரல் பொதி நிறுவப்பட்டிருக்காது. (அந்தப் பொதிகளுக்கு ‘நல்லது’, ‘கெட்டது’, ‘அவலட்சணம்’ என்று ஒரு மேனாட்டுத் திரைப்படத்தின் பெயரைப் பிரித்துச் சூட்டியிருக்கிறார்கள். முதன்முறை ‘கெட்டது’ பொதியை நிறுவியபோது கணினி கெட்டுவிடுமோ என்று பயந்தேன்.)

தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்வதற்கான உள்ளீட்டு முறை, ஜிடிகே நிரல்களில் ஒரு செருகுநிரலாகத்தான் நுழைகிறது. ஜிடிகேயின் உள்ளறை ஒன்றில் அது இருக்கும். ஒரே கட்டாக வந்த படம் வரையும் நிரல் ஒன்றைச் சென்ற ஆண்டு, துறை விழாச் சுவரொட்டிக்காக இறக்கினேன். அது தன் ஜிடிகேயைத் தானே சுமந்து வந்தது. தன் அறையில் தேடியது. அங்கே என் தமிழ் இல்லை. ஆங்கிலம் மட்டும் சரளமாக வந்தது. வழங்கலின் பொதியாக வந்த அதே நிரலின் பழைய பதிப்பில் தமிழ் ஓடியது. அன்றைக்கே நான் எந்தக் கட்சி என்று முடிவாகிவிட்டது எனலாம்.

இதைத் தந்தையாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “மூடி மாதிரி சொல்றியா?” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அண்டாவுக்கு எண் உண்டு. மூடிக்கு வெட்டும் வழக்கம் முன்பு கடையில் இல்லையாம். “மூடி தனியாப் போய் என்ன பண்ணப் போகுதுன்னு விட்டுட்டாங்க. நாலு வீட்டு மூடி கலந்துபோனா எது எதுக்கு உட்காரும்னு ஒவ்வொண்ணா வெச்சுப் பாக்கணும். அப்புறம்தான் மூடியிலயும் அண்டா நம்பரையே வெட்டச் சொன்னேன்” என்றார்.

மூடியில் அண்டாவின் எண். நான் கேட்பதும் அதுவேதான். சில இடங்களில் இது ஏற்கெனவே நடக்கிறது. டெபியனில் அப்பாச்சி வலைச் சேவையகம் ‘அப்பாச்சி2-ஏபிஐ-20120211’ என்ற கற்பனைப் பொதி ஒன்றைத் தருவதாக அறிவிக்கிறது. அதன் செருகுநிரல்கள் அதையே தேவை என்று கேட்கின்றன. பிஎச்பி 8.2-க்கு ‘பிஎச்பிஏபிஐ-20220829’. வாயில் மாறினால் எண் மாறும். பொருந்தாத மூடி நிறுவும்போதே நிறுத்தப்படும். செருகுநிரலை ஏற்கும் நிரல் எதுவாயினும் இப்படி ஓர் எண்ணை அறிவித்தே ஆகவேண்டும் என்று கையேடு கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. பொதியாளரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விடக்கூடாது.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256, சுருக்க நூலகங்களை எப்போதும் சுமக்காமல், வேண்டும்போது மட்டும் செருகிக்கொள்ளும்படி மாறியது. அதோடு, எதை எதைப் பின்னால் செருகக்கூடும் என்பதைக் கோப்பினுள்ளேயே ஒரு குறிப்பாக எழுதியும் வைத்தது. அந்தக் குறிப்பைப் பொதிக்கருவிகள் படிக்கலாம். இதை எல்லா நிரல்களும் பின்பற்றினால் செருகுநிரலும் பட்டியலுக்குள் வந்துவிடும்.

ஃபெடோரா 2015-இல் தன் பழைய கண்டிப்பைத் தளர்த்தி, நூலகத்தை உள்ளே வைத்துக் கட்டுவதை அனுமதித்தது. ஆனால் இன்ன நூலகம் உள்ளே இருக்கிறது என்று பொதியில் அறிவிக்க வேண்டும் என்றது. அந்த மாற்றத்தை என் நண்பர் தம் வெற்றி என்று கொண்டாடுகிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டில் சொந்த அண்டா வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெயர் வெட்டி வை என்றுதான் அந்த விதி சொல்கிறது. கோ, ரஸ்ட் போன்ற புதிய மொழிகளில் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்தே தொகுக்கும் பழக்கம் வலுத்துவிட்ட நிலையில், முழுமையான பகிர்வை இனி எதிர்பார்ப்பது பேராசை. அறிவிப்பையாவது விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம்.

சீனியருடைய நிரலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் போட்ட பொய்ப்பெயரை அன்றே அழித்துவிட்டேன். பின்னர் அவரிடம் கேட்டபோது, மூல நிரல் பழைய பென்டிரைவ் ஒன்றில் இருந்தது கிடைத்தது. லிப்எஸ்எஸ்எல்லின் ‘-டெவ்’ பொதியை நிறுவி, மறுபடி தொகுத்தேன். லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3-உடன் ஓடுகிறது. பழைய செயற்கூறுகளைப் பயன்படுத்தியிருப்பதாக இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் வந்தன. பருவத் தேர்வு முடிந்தபின் அவற்றைத் திருத்த வேண்டும்.